எரிசக்தி விவாதமா? முதலில் அலகைக் கேளுங்கள்

சனிக்கிழமைகளில் சிங்கப்பூர்ச் சமூக மன்றம் ஒன்றில் தொடக்கக் கல்லூரி (ஜூனியர் காலேஜ்) பிள்ளைகளுக்கு விவாதப் பயிற்சி தருகிறேன். எரிசக்தி என்று தலைப்பு வந்துவிட்டால் ஒரு பிள்ளை பூமியைக் காப்போம் என்று முழங்கும், இன்னொன்று பொருளாதாரம் என்று முழங்கும். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொடவே தொடாது. அதனால் முதல் வேலையாக, பேசுபவர் எந்த அலகில் எண்ணுகிறார் என்று குறிக்கச் சொல்வேன். டன்னா, வெள்ளியா (சிங்கப்பூர் டாலர்), ஹெக்டரா, மெகாவாட்டா?

கரிம வரியில், அதாவது பெரிய ஆலைகள் வெளியேற்றும் கரிமத்துக்கான வரியில், பழகுங்கள். 2019ல் டன்னுக்கு 5 வெள்ளி, 2024ல் 25, 2026ல் 45. டன்னில் பேசுபவர் இன்னும் ஏற்று என்பார். வரி 25 வெள்ளியானபோது நான்கறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மாதக் கட்டணம் சுமார் 4 வெள்ளி கூடும் என்று அரசாங்கம் கணக்குச் சொன்னது. காப்பிக்கடையில் அந்த 4 வெள்ளிதான் பேச்சு. ஆலைக்காரரோ அடுத்த நாட்டுப் போட்டியாளர் என்ன கட்டுகிறார் என்று கேட்பார். நோட்டில் இந்த மூவருக்கும் மூன்று பத்தி (நெடுவரிசை) போட்டு எழுதுங்கள். ஒருவர் பாதிப் பேச்சில் பத்தி மாறினால் அடிக்கோடிடுங்கள், குறுக்குக் கேள்விக்கு இடம் அதுதான்.

பிறகு, அலகுக்குள் வராதது எது என்று தேடுங்கள். பிள்ளைகள் அவசரமாகத் தாண்டிப் போவது இங்கேதான். 2022 ஜூனில் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக இங்கே வரத் தொடங்கியது. தொடக்கத்தில் அதிகபட்சம் 100 மெகாவாட். நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால், இங்கே அது கரிமம் குறைந்த நல்ல செய்தி. மீக்கோங் கரையில் அணை என்றால் பேச்சே வேறு: மீன் ஏறி வருமா, வண்டல் வியட்னாம் கழிமுகம் வரை போய்ச் சேருமா? நம் மெகாவாட் கணக்கில் மீனுக்குப் பத்தி கிடையாது. 2035க்குள் 6 கிகாவாட் (6,000 மெகாவாட்) இறக்குமதி நம் இலக்கு, ஆகவே இந்தக் கேள்வி வளரும். இறக்குமதியே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பத்தியைப் போடாத அணியை என்னால் முழுதாக நம்ப முடியாது.

தெங்கே நீர்த்தேக்கத்தில் மிதக்கும் 1,22,000 சூரியத் தகடுகளையும் இப்படியே பாருங்கள். 45 ஹெக்டர், 60 மெகாவாட் உச்சத்திறன். நிலப் பற்றாக்குறை பேசுபவருக்கு அது வெற்றி. பறவை பார்ப்பவர் தகடுகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விட்டார்கள் என்று கேட்பார்.

அணுசக்தி வந்தால் அலகோடு ஆண்டையும் கேளுங்கள். அன்று கிடைத்த தொழில்நுட்பம் நமக்குப் பொருந்தாது என்றது நம் அரசாங்கத்தின் 2012 ஆய்வு. 2024ல் அமெரிக்காவுடன் அணுசக்தி ஒத்துழைப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. பழைய வரியை மட்டும் வெட்டி எடுத்துவந்து பேசும் பிள்ளைக்கு நான் மதிப்பெண் குறைப்பேன்; புதியதை மட்டும் சொல்லும் பிள்ளைக்கும்தான்.