மேட்சுக்கு முந்தின சாயங்காலத்திலிருந்து விசில் வரை

மாவட்ட ஃபுட்பால் இறுதிப் போட்டி ஒன்றுக்கு முன்னால் நான் பேசிய பேச்சைக் கேட்டு எங்கள் கோலி, அதாவது கோல் கீப்பர், அழுதுவிட்டான். அன்றைக்கு எனக்கு அது பெருமையாக இருந்தது. ஊர் மானம், கடலில் கிடக்கும் அப்பாக்கள், மூன்று வருஷ உழைப்பு என்று எல்லாவற்றையும் இழுத்து 20 நிமிஷம் பேசியிருந்தேன். பையன்கள் கத்திக்கொண்டே கிரவுண்டுக்குள் ஓடினார்கள். முதல் 12 நிமிஷத்தில் இரண்டு கோல் வாங்கினோம். கொஞ்ச நேரத்தில் நடுவில் நின்று தடுத்தாடும் எங்கள் சென்டர் பேக் எதிராளியின் கணுக்காலில் உதைத்து சிவப்பு அட்டை வாங்கி வெளியே வந்தான். மீதி ஆட்டத்தைப் பத்துப் பேரோடு ஓட்டினோம். கண் கலங்கி நின்ற கோலிக்குப் பந்து எங்கிருந்து வருகிறதென்றே பிடிபடவில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்?

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், தூத்தூர் பக்கத்துக் கடற்கரை ஊர்களில், 17 வயதுக்கு உட்பட்ட பையன்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே திறமைக்குப் பஞ்சமில்லை. நடை பழகும்போதே மணலில் பந்து கிடக்கும். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை ஆடியவர். ஆட்டம் வந்துவிடுகிறது; ஆட்டத்துக்கு முந்தின சில மணி நேரத்தைக் கடக்கத்தான் எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. அந்தத் தோல்விக்கு அப்புறம் ஒவ்வொன்றாக மாற்றி, சிலதைக் கைவிட்டு, இப்போது நாங்கள் செய்வதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பேச்சு விஷயத்தை முடித்துவிடலாம். 2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோண்டே, உலகக் கோப்பை அரையிறுதி. முந்தின ஆட்டத்தில் பிரேசிலின் நட்சத்திரம் நெய்மாருக்கு முதுகில் அடி. ஜெர்மனியோடு ஆட வந்த பிரேசில்காரர்கள், தேசிய கீதம் பாடும்போது நெய்மாரின் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டேடியமே உருகியது. 11வது நிமிஷத்தில் பிரேசில் வலையில் முதல் கோல் விழுந்தது. 23லிருந்து 29வது நிமிஷத்துக்குள் இன்னும் நான்கு. கடைசியில் 7-1. பிரேசில் கேப்டன் தியாகோ சில்வாவும் அன்று ஆட முடியாதபடி தடையில் இருந்தார், அதனால் மனசு ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஆறு நிமிஷத்தை மறுபடி பாருங்கள். அத்தனை பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர்கூட பந்தைக் காலில் வைத்து ஆட்டத்தை ஆற்றவில்லை. இழவு வீட்டிலிருந்து நேராக வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். என்னுடைய 20 நிமிஷப் பேச்சு செய்ததும் அதையேதான்.

சரி, என்ன செய்யலாம்?

முந்தின நாள் சாயங்காலம்

யார் ஆடுகிறார்கள் என்பதை முந்தின நாள் பிராக்டீஸ் முடிந்ததுமே சொல்லிவிடுங்கள். கிரவுண்டில் போய்ச் சொல்வது பழைய வழக்கம். பையன்கள் கடைசிவரை முறுக்கோடு இருப்பார்கள் என்று நினைத்து நானும் அப்படித்தான் செய்தேன். நடந்தது வேறு. இடம் உறுதியில்லாதவன் இரவெல்லாம் புரண்டான். பெஞ்ச் என்று தெரிந்தவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வார்ம் அப்பில் மற்றவர்களையும் கெடுத்தான். இப்போது பெஞ்சில் இருக்கப்போகிறவர்களைத் தனியாகக் கூப்பிட்டு ஆளுக்கொரு வேலை சொல்கிறேன். "அவங்க லெஃப்ட் பேக் எந்தக் கால்ல திரும்புறான்னு பாரு மக்கா, பாதியில எனக்குச் சொல்லணும்." பார்க்க ஒரு வேலை இருக்கிறவன் உள்ளே போகும்போது ஏற்கெனவே ஆட்டத்துக்குள் இருப்பான்.

அடுத்தது பை. இதைச் சில்லறை விஷயமென்று நினைக்காதீர்கள். ஒரு தடவை எங்கள் விங்கர் ஷின் கார்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். ஷின் கார்டு இல்லாமல் ரெஃப்ரி உள்ளே விடமாட்டார், விதி அப்படி. எதிர் டீமிடம் போய்க் கடன் கேட்டோம். கொடுத்தார்கள், நல்ல மனுஷர்கள். ஆனால் விசிலுக்கு முந்தின கால் மணி நேரம் டீம் முழுக்கப் பதறியது. அதிலிருந்து ஒரு சீட்டு வைத்திருக்கிறோம்: பூட்ஸ், கூடுதல் லேஸ், ஷின் கார்டு, இரண்டு ஜோடி சாக்ஸ், தண்ணீர் பாட்டில், துண்டு, எலுமிச்சம்பழம். கடைசியாக எனக்கென்று ஒரு சாமான், அதை அப்புறம் சொல்கிறேன். இரவு 8 மணிக்குள் பையைக் கட்டி, பக்கத்து வீட்டு டீம்காரன் ஒருவன் பார்த்து டிக் போடவேண்டும். அம்மா பார்த்தால் செல்லாது.

சாப்பாட்டில் புதுசாக எதையும் முயலாதீர்கள். வழக்கமாக இட்லி சாப்பிடுகிறவனுக்கு அன்றைக்கும் இட்லிதான். மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால் முடித்துவிடவேண்டும், அவ்வளவுதான்.

வயிற்றைக் கலக்கும்போது

கிரவுண்டுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே போய்விடுவோம். போனதும் பூட்ஸ் போடுவதில்லை. செருப்போடு கிரவுண்டை ஒரு சுற்று நடப்போம். எந்த கோல் முனையில் குழி இருக்கிறது, வெயில் யார் கண்ணில் அடிக்கும், காற்று எங்கிருந்து. எங்கள் பையன்களுக்குக் காற்றைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. மதியத்துக்கு மேல் கடலிலிருந்து ஏறும் காற்றில் உயரப் பந்து எவ்வளவு தள்ளும் என்று என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். இந்த நடை எதற்கென்றால், பயப்படுகிறவனின் கண் எதிர் டீமின் உயரத்தையும் அவர்கள் ஜெர்சியையுமே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கிறோம்.

நடந்து முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன். "பயம் உடம்புல எங்க தெரியுது?" முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை. அப்புறம் நானே எனக்கு உள்ளங்கை வேர்ப்பதைச் சொன்னேன். உடனே ஒருவன் வயிறு என்றான், ஒருவன் முட்டி என்றான், கேப்டன் தான் மூன்று தடவை ஒன்றுக்குப் போய்விட்டு வந்ததைச் சொன்னான். சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருந்த 16 பேர் அன்று அந்த நினைப்பிலிருந்து வெளியே வந்தார்கள்.

"பயப்படாதே, அமைதியாக இரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். படபடக்கிற நெஞ்சை வாய் வார்த்தையால் நிறுத்த முடியாது. ஹார்வர்டில் அலிசன் உட் புரூக்ஸ் என்பவர் 2014இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியது. பாட வந்தவர்களிலும் மேடையில் பேச வந்தவர்களிலும், "எனக்கு உற்சாகமாக இருக்கிறது" என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்டவர்கள், "அமைதியாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நான் இதைக் கடல் மொழியில் சொல்வேன். வள்ளம் தள்ளி அலை முறிகிற இடத்தைத் தாண்டும்போது அப்பாவுக்கும் நெஞ்சு அடிக்கும். அடித்தால்தான் துடுப்பில் பலம் வரும். அந்தப் படபடப்பைப் பயமென்று கூப்பிடாதே, உடம்பு தயாராகிறது என்று சொல். பையன்களுக்கு இது சட்டென்று புரிகிறது.

நிஜமாகவே மூச்சு வாங்குகிற ஒருவன் இருப்பான். அவனிடம் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, எட்டு எண்ணும்வரை மெதுவாக விடச் சொல்லுங்கள். ஆறேழு தடவை போதும். விடும் மூச்சு நீளமாக இருக்கவேண்டும், அதுதான் கணக்கு.

இன்னொன்று: எல்லோரையும் ஒரே சூட்டுக்குக் கொண்டுவர முயலாதீர்கள். எங்கள் ஸ்டிரைக்கர் பாட்டுப் போட்டு ஆடினால்தான் சரியாவான். தடுத்தாடும் ஸ்டாப்பர் பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். முன்பெல்லாம் அவனையும் எழுப்பிக் கத்தச் சொல்வேன். இப்போது விட்டுவிடுகிறேன். விசிலுக்கு முன் எல்லோரும் சேர்ந்து ஒரு சத்தம், அது போதும்.

கெட்டது நடந்தால்

"நாம ஜெயிப்போம்" என்று கண்ணை மூடிக் கற்பனை செய்யச் சொல்வார்கள். செய்யுங்கள், தப்பில்லை. ஆனால் எனக்கு அதிகம் உதவியது எதிர்ப் பக்கம்: கெட்டது நடந்தால் என்ன செய்வோம் என்று முன்கூட்டியே பேசி வைப்பது. "இப்படி நடந்தால், நான் இதைச் செய்வேன்" என்று குறிப்பாக முடிவெடுத்து வைத்திருப்பவர்கள், வெறும் ஆசையோடு போகிறவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருஷம் ஆராய்ந்து சொன்னது.

எங்களிடம் மூன்றே மூன்று இருக்கின்றன. முதல் கோல் வாங்கினால், கேப்டன்தான் வலையிலிருந்து பந்தை எடுப்பான். ஓடமாட்டான், நடந்து வருவான். வரும் வழியில் கோலியின் தோளைத் தட்டுவான். மீண்டும் தொடங்கியதும் முதல் ஐந்து பாஸும் பத்து அடிக்குள். ரெஃப்ரி தப்பாக விசில் அடித்தால், கேப்டனைத் தவிர மற்றவர்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு தங்கள் இடத்துக்குப் போகவேண்டும். சொந்தத் தப்பில் பந்தை இழந்தவன் தொடையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த ஆளைப் பிடிப்பான். மன்னிப்புக் கேட்பதெல்லாம் பாதி நேரத்தில்.

முதல் விஷயம்தான் முக்கியம், ஏனென்றால் கோல் வாங்கிய அடுத்த சில நிமிஷங்கள் ஆபத்தானவை. 2022 உலகக் கோப்பையில் அர்ஜென்டினா 36 ஆட்டம் தோற்காமல் வந்து, சவூதியிடம் 48வது நிமிஷத்தில் ஒரு கோலும் 53வது நிமிஷத்தில் இன்னொன்றும் வாங்கித் தோற்றது. கோப்பையை அவர்களே வாங்கினார்கள் என்பது வேறு கதை. மெஸ்ஸி இருந்த டீமுக்கே அந்த ஐந்து நிமிஷம் வழுக்கியது என்று சொன்னால் பையன்கள் காது கொடுக்கிறார்கள். இதை வாயால் சொன்னால் மட்டும் பத்தாது. வாரத்தில் ஒரு நாள், பிராக்டீஸில் வேண்டுமென்றே 0-1 என்று தொடங்கி ஆடவைப்பேன்.

பெனால்டி

எங்கள் பக்கத்துத் திருவிழாப் போட்டிகளில் பாதி டை பிரேக்கரில்தான், அதாவது மாறி மாறி உதைக்கும் பெனால்டியில்தான் முடியும். கோட்டிலேயே ஜனம் உட்கார்ந்திருக்கும், ஆளுக்கொரு ஆலோசனை. அதனால் உதைக்கப்போகும் ஐந்து பேரும் வரிசையும் முந்தின நாளே முடிவு. "யார் போறீங்க?" என்று அந்த நேரத்தில் கேட்காதீர்கள், பூட்ஸ் லேஸைக் குனிந்து கட்டுகிறவர்கள் கூடிவிடுவார்கள்.

நார்வேக்காரர் கெயிர் யோர்டெட் பெரிய போட்டிகளின் பெனால்டிகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர். உதை உள்ளே போனால் வெற்றி என்ற நிலையில் 100க்கு 90க்கு மேல் கோல். தவறினால் தோல்வி என்ற நிலையில் 60 பக்கம்தான். அதே தூரம், அதே பந்து. ரெஃப்ரி விசில் அடித்ததும் முடிந்தால் போதுமென்று அவசரமாக உதைக்கிறவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்பதும் அவர் சொன்னது. இங்கிலாந்து அந்த அவசரத்துக்குப் பேர் போனது. 1990, 1998, 2006 என்று மூன்று உலகக் கோப்பைகளில் பெனால்டியில் வெளியேறியவர்கள், 2018இல் கொலம்பியாவை 4-3 என்று வென்றார்கள். கோச் கேரத் சவுத்கேட். 1996 யூரோ அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்ட அதே ஆள். விசிலுக்கு அப்புறம் நிதானிக்கவும் நடுக்கோட்டிலிருந்து நடந்து வரவும்கூட அவர் டீம் மாதக்கணக்கில் பழகியிருந்தது.

நாங்கள் செய்வது எளிது. பிராக்டீஸ் முடிவில், கால் சோர்ந்திருக்கும்போது, நடுக்கோட்டிலிருந்து தனியாக நடந்துவந்து உதைக்கவேண்டும். மற்றவர்கள் ஊர் ஜனம் மாதிரி கூச்சல் போடலாம், வசவு மட்டும் கூடாது. பந்தை வைத்து, பின்னால் போய், விசில் கேட்டதும் ஒரு முழு மூச்சு விட்டுவிட்டு ஓடவேண்டும். இடத்தை நடந்து வரும்போதே முடிவு செய்யவேண்டும், மாற்றக்கூடாது. தவறவிட்டவனிடம் முதலில் போகவேண்டியது அவனுக்கு அடுத்து உதைக்கப்போகிறவன். இதையும் முன்பே பேசி வைத்திருக்கிறோம்.

கடைசி ஒன்றரை நிமிஷம்

என் பேச்சு இப்போது ஒன்றரை நிமிஷம். பிராக்டீஸில் செய்த மூன்று விஷயங்களை நினைவுபடுத்துவேன், புதுசாக எதுவும் கிடையாது. "கூடாது" என்று முடிகிற வாக்கியங்களைத் தவிர்க்கிறேன். "பாக்ஸுக்குள்ள காலை விடாதே" என்றால் அவனுக்குக் கால்தான் நினைவிருக்கும். "நின்னு மறி, வெளிய தள்ளு" என்றால் செய்ய ஒன்று கிடைக்கிறது. ஊர், அப்பா, மானம் மூன்றும் என் பேச்சில் இல்லை. அதையெல்லாம் கோட்டுக்கு வெளியே நிற்கிற மாமாக்கள் தாராளமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை ஒன்றும் செய்ய முடியவில்லை. வார்ம் அப்பை எதிர்க் கோட்டுப் பக்கம் மாற்றியதோடு சரி.

கடைசியாக, பையில் எனக்கிருக்கும் அந்தச் சாமான். கோல் விழுந்தாலும் பந்து வெளியே போனாலும் பையன்கள் முதலில் பார்ப்பது என் முகத்தைத்தான் என்று ஒரு நண்பர் போனில் எடுத்துத் தந்த வீடியோவைப் பார்த்தபோது தெரிந்தது. அதில் நான் முதல் நிமிஷத்திலிருந்தே கைகளை வீசிக் கத்திக்கொண்டிருந்தேன். அதனால் விசில் அடித்ததும் ஒரு ஏலக்காயை வாயில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறேன். அதை மென்று முடிக்கும்வரை, சுமார் பத்து நிமிஷம், வாய் திறப்பதில்லை. பையைச் சரிபார்க்கும் பையன்கள் இப்போது என் வீட்டுக்கும் போன் செய்கிறார்கள்: "சார், ஏலக்காய் எடுத்தாச்சா?"