கட்டுத்தரையில் இரண்டு ஈ: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் புதிதாகக் கறவை மாடு கட்டுகிற பையன்கள் ஈத் தொல்லை என்று கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், எங்கள் காலத்தில் நாங்கள் செய்த அதே கூத்து. கட்டுத்தரையைக் கூட்டுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும்.

எல்லாம் ஒரே ஈ என்று நினைப்பது

வீட்டு ஈயால் கடிக்க முடியாது. எச்சிலைக் கக்கிக் கரைத்து உறிஞ்சும், அவ்வளவுதான். கடி ஈயும் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும். ஆனால் தலைக்கு முன்னால் ஊசிபோல ஒரு குழல் நீட்டிக்கொண்டிருக்கும், வயிற்றில் கரும்புள்ளிகள் தெரியும். கொசுவில் பெண் மட்டும்தான் இரத்தம் குடிக்கும். கடி ஈயில் ஆணும் குடிக்கும்.

இனிப்பு மருந்தை நம்பி உட்காருவது

இதுதான் எனக்கு இன்றும் எரிச்சல். ஒரு தம்பி சர்க்கரை கலந்த ஈ மருந்தைத் தட்டுத் தட்டாக வைத்துவிட்டு, "அண்ணா, எத்தனை செத்திருக்கு பாருங்க" என்று காட்டினான். செத்ததெல்லாம் வீட்டு ஈ. பின்னால் மாடுகள் காலை உதைத்துக்கொண்டே நிற்கின்றன. குனிந்து பார்த்தால், முன்னங்காலில் முட்டிக்குக் கீழே தலையை மேலே வைத்துக் கடி ஈ வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. இரத்தம் குடிக்கிற ஈ அந்தத் தட்டைத் தேடி எதற்கு வரும்? தீனித்தொட்டிக்கு அடியில் குச்சியை விட்டுக் கிளறினேன். மாடு தின்னாமல் தள்ளிய சோளத்தட்டும் வைக்கோலும் மூத்திரத்தில் ஊறிக் கருத்துக் கிடந்தன. உள்ளே வெள்ளைப் புழு நெளிந்தது. கடி ஈ பெருகுவது இந்தக் கூளத்தில். மருந்துக் காசும் போச்சு, நிம்மதியாகத் தின்னாத மாட்டின் பாலும் குறைஞ்சு போச்சு. வெயில் நாளில் முட்டை ஈயாக வீட்டு ஈக்கு 7 முதல் 10 நாள், கடி ஈக்கு 2 முதல் 3 வாரம். வாரம் ஒரு தடவை கூளத்தைச் சுரண்டி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிவிட்டால் இரண்டின் கணக்கும் முடிந்தது.

முதுகில் மட்டும் மருந்து அடிப்பது

கடிப்பது காலில்.

இரவில் புகை போடுவது

அது கொசுவுக்கு. இவை இரண்டும் பகல் ஈ.

கடிக்காத ஈயைச் சும்மா விடுவது

சாணியில் உட்கார்ந்த காலோடு பால் கேனுக்கும் குழந்தையின் சோற்றுக்கும் வரும். சீதபேதி, டைபாய்டு கிருமிகள் அதோடு வரும்.

காய்ச்சல் மாட்டைச் சேர்த்துக் கட்டுவது

பாதியில் விரட்டிய கடி ஈ மீதியைக் குடிக்கப் பக்கத்து மாட்டுக்குத்தான் போகும். குழலில் ஒட்டிய இரத்தத்தோடு சர்ரா நோயும் (இரத்தத்தில் ஒட்டுண்ணி பெருகி வரும் காய்ச்சல்) போகலாம். காய்ச்சல் கண்ட மாட்டைத் தள்ளிக் கட்டி, டாக்டரிடம் இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.