உலோகத்தில் கைச்செதுக்கு: முதல் கோட்டிலிருந்து முதல் சுருள் வரை

உளி வழுக்குகிறது, கோடு நடுங்குகிறது, நுனி உடைகிறது. புதிதாகச் செதுக்க வருகிறவர்களின் புகார்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றுக்கும் அநேகமாக ஒரே காரணம்தான்: உளி சரியாகத் தீட்டப்படவில்லை. ஆகவே கருவிப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டு, தீட்டுவதற்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன். இங்கே சொல்வது உள்ளங்கையால் தள்ளிச் செதுக்கும் முறை. சுத்தியலால் தட்டிச் செதுக்குவதும் காற்றழுத்தக் கருவியால் செதுக்குவதும் தனிக் கதை.

வேண்டியவை

தொடங்குவதற்கு ஒரே ஒரு உளி போதும். சதுரத் தண்டு கொண்ட 90 பாகை உளி, அல்லது 120 பாகை 'வி' முனை உளி. ஹைஸ்பீடு ஸ்டீலில் செய்ததாக இருக்கட்டும். கார்பைடு உளி நெடுநேரம் கூர் தாங்கும். ஆனால் பழகாத கையில் பட்டென்று நுனி தெறித்துவிடும். தட்டை, உருண்டை, கத்தி முனை என்று பெட்டி நிறைய உளிகள் விற்கிறார்கள். இப்போதைக்கு அவற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கைப்பிடி காளான் வடிவில், அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால் பெருவிரலைத் தாண்டி உளியின் நுனி ஏறத்தாழ 2 செ.மீ. நீண்டிருக்கலாம். அதைவிட நீளமென்றால் கட்டுப்பாடு போய்விடும்; தண்டின் பின்பக்கத்தைக் குறைத்துவிடுங்கள்.

தகட்டைப் பிடிக்க, சுழலும் உருண்டை வைஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மரக்கட்டையில் அரக்கை உருக்கித் தகட்டை ஒட்டி, மணல் அடைத்த தோல் மெத்தையின் மேல் கட்டையை வையுங்கள். எப்பக்கமும் தடையின்றித் திரும்புவதுதான் முக்கியம். பயிற்சிக்கு 1 முதல் 1.5 மி.மீ. தடிமனுள்ள பித்தளைத் தகடு ஏற்றது. செம்பும் ஆகும், ஆனால் காய்ச்சி மிருதுவாக்கிய செம்பு உளியைப் பிடித்து இழுக்கும். துருப்பிடிக்காத எஃகின் பக்கம் இப்போது போகவே வேண்டாம். வெட்ட வெட்ட அது இறுகிக்கொண்டே போகும்.

இவற்றோடு, தலையில் மாட்டும் 2.5 மடங்கு உருப்பெருக்கி ஒன்றும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். உளியின் நுனி உடைந்தால் எந்தப் பக்கம் பறக்கும் என்று சொல்ல முடியாது.

தீட்டுதல்

உளியில் இரண்டு இடங்களைத் தீட்ட வேண்டும். முன்பக்கச் சரிவுக்கு 'முகம்' என்று பெயர். நுனிக்கு அடியில், இருபுறமும் விழும் இரண்டு மிகச் சிறிய சாய்வுகளுக்கு 'குதி' என்று பெயர். உளியைச் சற்று உயர்த்திப் பிடிக்க இடம் தருவது குதிதான். அது இல்லாவிட்டால், ஒன்று உளி உலோகத்துக்குள் புதைந்துகொண்டே போகும், இல்லையென்றால் கடிக்காமல் மேலேயே சறுக்கும்.

முதலில் 600 எண் வைரத்தூள் பதித்த தீட்டுகல்லில் முகத்தை 45 பாகையில் தீட்டுங்கள். பிறகு 1200 எண் கல்லில் குதியின் இரு சாய்வுகளையும் 15 முதல் 20 பாகைக்குள் தீட்டுங்கள். குதியின் நீளம் அரை மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. நாலைந்து இழுப்பில் முடிந்துவிடும் வேலை இது. இரண்டு சாய்வுகளும் சமமாக அமைய வேண்டும். ஒன்று பெரிதானால் உளி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போகும். நேர்கோடு வராததற்குக் கையைக் குறை சொல்லிப் பயனில்லை. கண் மதிப்பில் கோணம் பிடிப்பது கடினம். கோணத்தை நிறுத்திவைக்கும் சிறு தாங்கி ஒன்றுக்குச் செய்யும் செலவு, பத்து உளிகளுக்குச் செய்யும் செலவைவிடப் பயன் தரும்.

கடைசியாகப் பீங்கான் வட்டில் வைரப் பசை தடவிக் குதியைப் பளபளப்பாக்குங்கள். குதியின் மெருகுதான் வெட்டின் சுவர்களில் பளபளப்பாகப் பதியும். முடித்ததும் நுனியைக் கடின மரத்துண்டில் ஒருமுறை குத்தி எடுத்தால் ஒட்டியிருக்கும் பிசிர் போய்விடும்.

கூர்மையைச் சோதிக்க இரண்டு வழிகள் உண்டு. நுனியைப் பெருவிரல் நகத்தின் மேல் அழுத்தாமல் சாய்த்து வையுங்கள். வைத்த இடத்திலேயே கவ்விக்கொண்டால் கூர். வழுக்கினால் மறுபடியும் கல்லுக்குப் போங்கள். இன்னொன்று, நுனியை விளக்குப் பக்கம் திருப்பி உருப்பெருக்கியில் பாருங்கள். கூரான முனை ஒளியைத் திருப்பாது. அங்கே ஊசிமுனையளவு மினுக்கம் தெரிந்தாலும் நுனி உடைந்திருக்கிறது என்று பொருள்.

பரப்பு, வரைபடம்

தகட்டை 600 எண் உப்புத்தாளால் ஒரே திசையில் தேய்த்து மங்கலாக்குங்கள். பளபளத்தால் கண் கூசும். வெள்ளை போஸ்டர் வண்ணத்தை மெல்லியதாகத் தடவிக் காயவிட்டு, பென்சிலால் வரைந்து, குறியூசியால் லேசாகக் கீறிக்கொண்டு வண்ணத்தைக் கழுவிவிடுங்கள்.

நேர்கோடு

கைப்பிடி உள்ளங்கைக் குழியில் அமரட்டும். சுட்டுவிரல் உளியின் மேல் நீளட்டும். பெருவிரல் தகட்டின் மேல் ஊன்றி நிற்க, உளி அதை உரசிக்கொண்டு முன்னே போக வேண்டும். வழிகாட்டியும் பிரேக்கும் அந்தப் பெருவிரல்தான். தள்ளும் விசை மணிக்கட்டிலிருந்து வராமல் தோளிலிருந்து வரட்டும். இடது கை எப்போதும் நுனிக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும். வழுக்கிய உளி விரலுக்குள் ஆழமாக இறங்கும். இதில் சலுகையே கிடையாது.

நுனியை வைத்து, கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். ஒரு கட்டத்தில் அது உலோகத்தைக் கடிப்பது விரலில் தெரியும். அந்தக் கோணத்தை மாற்றாமல் தள்ளுங்கள். முகத்துக்கு முன்னால் பென்சில் சீவல் போலச் சுருண்டு உலோகம் எழும். முடிக்கும் இடத்தில் கைப்பிடியைத் தாழ்த்தியபடியே தள்ளினால் உளி தானாக வெளியே வரும். நடுவில் நிறுத்தி நெம்பினால் நுனி போயிற்று.

5 செ.மீ. சதுரத் தகட்டில் 1 மி.மீ. இடைவெளியில் கோடுகளை நிரப்புங்கள். எல்லாம் ஒரே ஆழத்தில் அமைந்த பிறகு, மெல்லியதாகத் தொடங்கி நடுவில் தடித்து மறுபடியும் மெலியும் கோடுகளுக்குப் போகலாம். 90 பாகை உளியில் வெட்டின் அகலம் ஆழத்தைப் போல் இரண்டு மடங்கு; 0.1 மி.மீ. இறங்கினால் 0.2 மி.மீ. அகலம். 120 பாகை உளியில் அதே ஆழத்துக்கு ஏறத்தாழ 0.35 மி.மீ. கிடைக்கும். குளோட் மெலான் என்ற பிரெஞ்சுக் கலைஞர் 1649-இல் இயேசுவின் முகத்தை, மூக்கு நுனியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றிப் போகும் ஒரே சுருள் கோட்டால் செம்புத் தகட்டில் செதுக்கினார். கண், தாடி, நிழல் எல்லாமே அந்த ஒரு கோடு தடித்தும் மெலிந்தும் வந்தவைதான்.

வளைவும் சுருளும்

வளைவில் உளி திரும்பக்கூடாது. தகடு திரும்ப வேண்டும். வலது கை ஏறக்குறைய அசையாமல் தள்ள, இடது கை கட்டையைச் சுழற்றி உலோகத்தை நுனிக்குள் ஊட்டுகிறது. இரண்டு கைகளின் வேகமும் ஒத்துப்போகக் கொஞ்சம் காலம் பிடிக்கும். அதுவரை வட்டங்கள் முட்டை வடிவில்தான் வரும், பரவாயில்லை. வளைவின் வெளிக்கரையில் தேய்ந்த தழும்பு தெரிந்தால் குதி நீளமாகிவிட்டது. முகத்தைத் தீட்டி அதைக் குறையுங்கள்.

சுருளின் நடுவில் நிறுத்த நேர்ந்தால், சில மி.மீ. பின்னால் போய்ப் பழைய வெட்டுக்குள்ளேயே நுனியை வைத்து, அழுத்தாமல் தொடருங்கள். இணைப்பு தெரியாது.

வழுக்கினால்

மேலோட்டமான கீறலை, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மெருகிட்ட எஃகுக் கம்பியால் தேய்த்தே அமுக்கிவிடலாம். ஆழமானதென்றால் சுரண்டி எடுத்து, சுற்றுப்புறத்தையும் சேர்த்து உப்புத்தாளால் சமன்செய்ய வேண்டும். கீறல் இருந்த புள்ளியை மட்டும் சுரண்டினால் அங்கே பள்ளம் விழுந்து, வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும்.

வேலை முடிந்ததும் 1000 எண் தாளைத் தட்டையான கட்டையில் சுற்றிப் பிசிரை எடுத்துவிட்டு, கறுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தேய்த்துத் துடையுங்கள். கண்ணுக்குத் தப்பிய நடுக்கமெல்லாம் கறுப்பில் தெரியும். கரைகள் இருபுறமும் கூராக நின்றால் மென் எஃகுக்குப் போகலாம். அதற்கு முன் உளியின் முகத்தை 50 பாகைக்கு மாற்றித் தீட்டிக்கொள்ளுங்கள். எஃகில் 45 பாகை நுனி நெடுநேரம் நிற்காது.