நைதரசன் நீக்கும் தொட்டியில் மலைநாட்டில் நடக்கும் தவறுகள்

ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியா ஹோட்டல்களில் சுவருக்குப் பெயின்ற் அடிப்பார்கள், பூச்சாடி மாற்றுவார்கள், கூடவே கழிவுநீர்த் தொட்டியையும் துப்புரவாக்கிவிடுவார்கள். கலி பவுசரை வரவழைத்து மண்ணிறச் சேறு முழுவதையும் உறிஞ்சி எடுத்துவிட்டால் தொட்டி புதிதுபோல இருக்கும். கூட்டம் வந்து சேர்ந்ததும் வெளியேறும் நீரில் அமோனியா எகிறும். நகரத்துக்கான பெரிய நிலையமோ, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தொட்டியோ, முதலில் நிறுத்த வேண்டிய தவறு இதுதான்.

அந்தச் சேறுதான் வேலையைச் செய்கிறது. அமோனியாவை நைத்திரைற்றாக மாற்றும் நைத்ரோசோமோனாசும், அதை நைத்திரேற்றாக மாற்றும் நைத்ரோஸ்பைராவும் என்ற பற்றீரியாக்கள் அதற்குள்தான் வாழ்கின்றன. மற்றப் பற்றீரியாக்கள் சில மணி நேரத்தில் இரட்டிப்பாகும். இவற்றுக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ வேண்டும். நீர் 10 பாகை குளிர்ந்தால் அந்த வளர்ச்சியும் ஏறத்தாழப் பாதியாகிவிடும். கொழும்புச் சூட்டில் சேறு நாலைந்து நாள் தங்கினாலே சமாளிக்கலாம். 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகையை ஒட்டியிருக்கும் நுவரெலியாவில் 12 முதல் 15 நாளாவது தங்க விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் கழியுங்கள். சீசனுக்கு முந்திய வாரங்களில் கழிப்பதை இன்னும் குறைத்து, சேற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உயரம் இன்னொரு வகையிலும் கணக்கைக் குழப்பும். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு கிராம் அமோனியா நைதரசனை, அதாவது அமோனியாவிலுள்ள நைதரசனை, மாற்ற 4.57 கிராம் ஒட்சிசன் வேண்டும். தொட்டிக்குள் காற்றை ஊதும் புளோவரைக் கடல்மட்டக் கணக்கில் வாங்கினால், அது மலையில் அதே அளவு ஒட்சிசனைத் தராது. விலைமனு கேட்கும்போதே இடத்தின் உயரத்தை எழுதிக் கொடுங்கள்.

அடுத்த தவறு, அமோனியா போய்விட்டால் நைதரசனும் போய்விட்டது என்று நினைப்பது. அது நைத்திரேற்றாக உருமாறி அதே நீரில்தான் நிற்கிறது. நுவரெலியாவின் கிரகரி வாவியிலிருந்து வழியும் நீர் நானு ஓயாவாக இறங்கி, கொத்மலை ஓயா வழியே மகாவலியில் சேர்கிறது. மரக்கறித் தோட்டங்களின் உரம் வேறு அந்த வழியில் கலக்கிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்காக. நாம் விடுகிற நீரைக் கீழே யாரோ குடிக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டு இந்த வேலையைச் செய்ய முடியாது.

நைத்திரேற்றை வாயுவாக்கி வெளியேற்றும் பற்றீரியாக்களுக்குக் காற்று ஆகாது, ஆனால் காபன் உணவு வேண்டும்: ஒரு கிராம் நைத்திரேற்று நைதரசனுக்கு 4 முதல் 6 கிராம் வரை, சீஓடி கணக்கில், அதாவது அந்த உணவை எரிக்கத் தேவையான ஒட்சிசனின் கணக்கில். பலர் புளோவர் காற்றூட்டும் காற்றுத் தொட்டியில் அந்த உணவை எல்லாம் எரித்து முடித்துவிட்டு, கடைசித் தொட்டியில் காபன் இல்லையென்று தவிக்கிறார்கள். காற்றூட்டாத தொட்டியை முன்தொட்டியாக, காற்றுத் தொட்டிக்கு முன்னால் வையுங்கள். புதுக் கழிவுநீர் முதலில் அதற்குள் போகட்டும். காற்றுத் தொட்டியிலிருந்து நைத்திரேற்று நிறைந்த நீரைப் பம்ப் செய்து அங்கே திருப்பி அனுப்புங்கள். செலவில்லாமல் காபன் கிடைக்கும்.

நைத்திரேற்று வாயுவாவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லீற்றர் கண்ணாடி உருளையில் எடுத்து மேசையில் வையுங்கள். அரை மணி நேரத்தில் சேறு படிந்து மேலே தெளிநீர் நிற்கும். பெரும்பாலோர் அளவைக் குறித்துக்கொண்டு ஊற்றிவிடுவார்கள். இன்னும் இரண்டு மணி நேரம் விட்டுப் பாருங்கள். சில இடங்களில் படிந்த சேறு நுண்ணிய குமிழ்களோடு கட்டியாகப் பெயர்ந்து மேலே மிதந்து வரும். அந்தக் குமிழ் பெரும்பாலும் நைதரசன் வாயு. நைத்திரேற்று நீக்கம் தவறான இடத்தில், சேற்றைப் படியவிடும் படிவுத் தொட்டியின் அடியில் நடக்கிறது என்று அர்த்தம். இதைக் கண்டு சேறு கெட்டுவிட்டதென்று அள்ளி வீசுவது பெரிய இழப்பு. படிந்த சேற்றை இன்னும் வேகமாகத் திருப்பி அனுப்புவதும், முன்தொட்டிக்கான சுழற்சியைக் கூட்டுவதும்தான் வழி.

மலைநாட்டு நீர் மென்மையானது, அதில் அமிலத்தைச் சமாளிக்கும் காரத்தன்மை குறைவு. ஒரு கிராம் அமோனியா நைதரசன் மாறும்போது, கல்சியம் காபனேற்றுக் கணக்கில் 7.14 கிராம் காரத்தன்மை தீர்ந்துவிடும். லீற்றருக்கு 30 மில்லிகிராம் அமோனியா நைதரசன் வந்தால் 214 மில்லிகிராம் தேவை. பி.எச். 6.8க்குக் கீழே இறங்கினால் இந்தப் பற்றீரியாக்கள் சோர்ந்துவிடும். இதற்குக் கவ்வாத்து முடிந்த தேயிலை மலைக்குப் போடும் டொலமைட்டைக் கொட்டினால் பலன் குறைவு, அது கரைவது மிக மெதுவாக. சோடா உப்பை அளந்து போடுங்கள். நைத்திரேற்று நீக்கம் ஒழுங்காக நடந்தால் செலவான காரத்தன்மையில் பாதி திரும்பக் கிடைக்கும் என்பதால், முன்தொட்டி அந்தச் செலவையும் குறைக்கும்.

மழைநீர்க் கானைக் கழிவுநீர்க் குழாயில் இணைக்காதீர்கள், அடைமழையில் சேறு முழுவதும் அடித்துச் செல்லப்படும். பிளீச்சிங் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றாதீர்கள். பவுசர் கொண்டுவரும் மலக்குழிக் கழிவை ஒரே மூச்சில் இறக்காமல், தேக்கி வைத்து மெல்ல விடுங்கள்.

பைக்கற்றில் வரும் பற்றீரியாத் தூளுக்குக் காசைக் கொட்டுவதும் வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை கொழுப்பையும் மாப்பொருளையும் தின்னும் வகை, அமோனியாவைத் தொடுவதில்லை. தொட்டி உண்மையிலேயே செத்துவிட்டால், நன்றாக ஓடும் வேறொரு நிலையத்தின் காற்றுத் தொட்டிச் சேற்றில் ஒரு பவுசர் கேட்டு வாங்குங்கள். காலையில் ஏற்றி அன்றே இறக்கி, இறக்கியதும் புளோவரைப் போட்டுவிடுங்கள்.