பேச்சொலிகளை ஆராயத் தொடங்குவது எப்படி?

ஒலியியலில் நுழைபவர், எழுத்தைச் சற்று ஒதுக்கிவைத்து, காதில் விழுவதையும் வாயில் நிகழ்வதையும் கவனிக்கப் பழக வேண்டும். குரல்வளையில் விரலை வைத்து 'ஸ்' என்று நீட்டி ஒலியுங்கள். பிறகு 'ம்' என்று நீட்டுங்கள். இரண்டாவதில் உணரப்படும் அதிர்வு, குரல்நாண்கள் அதிர்வதால் வருவது. 'பாம்பு' என்ற சொல்லில் முதல் பகரம் அதிர்வில்லாமலும், மகரத்தை அடுத்து வரும் பகரம் அதிர்வோடும் ஒலிப்பதை இப்போது எளிதில் கண்டுகொள்ளலாம்.

அடுத்து, நாக்கு எங்கே தொடுகிறது, காற்று எவ்வழியே வெளியேறுகிறது என்று பார்க்க வேண்டும். 'ள்' ஒலிக்கும் நிலையில் நாக்கை நிறுத்தி, வாய்வழியே மூச்சை உள்ளிழுத்தால் நாக்கின் ஓரங்கள் குளிரும். காற்று செல்லும் வழி அதுவே. 'ழ்' ஒலிக்கும்போதோ நுனி மேலண்ணத்தை நோக்கி வளைந்தும் அதைத் தொடாமல் நிற்க, காற்று நடுவழியே செல்கிறது. இந்த எளிய சோதனை, வரைபடங்களைவிட நன்றாகவே கற்பிக்கும்.

கேட்டதைக் குறித்துக்கொள்ள, 1888-இல் முதன்முதலாக வெளியான, பேச்சொலிகளுக்குத் தனித்தனிக் குறியீடு தரும் பன்னாட்டு ஒலிப்பு நெடுங்கணக்கு உதவும். அதை முழுவதும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

பிறகு, பொருளை வேறுபடுத்தும் ஒலிகளை, அதாவது ஒலியன்களை, பிரித்தறிய வேண்டும். 'கலை', 'களை', 'கழை' ஆகியவற்றில் ஓரொலி மாறினாலே பொருள் மாறுவதால், 'ல்', 'ள்', 'ழ்' மூன்றும் தனித்தனி ஒலியன்கள். 'பாம்பு' காட்டும் இரு பகரங்களோ, தமிழ்ச் சொற்களில் இடத்திற்கேற்ப மாறும் ஒரே ஒலியனின் மாற்றொலிகளே. ஒலிப்பதிவை அலைவடிவமாகக் காண விரும்பினால், 'பிராட்' (Praat) என்னும் இலவச மென்பொருள் போதும்.