சுகர், பிரஷர் உள்ள பெற்றோரை விமானம் ஏற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா முதல் தடவை எங்களைப் பார்க்க நியூயார்க் வந்தபோது செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு காலும் வீங்கி, செருப்புக்குள் நுழையவே இல்லை. சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரம், அங்கிருந்து இன்னொரு 14 மணி நேரம். அந்த 14 மணி நேரத்தில் எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று கேட்டேன். "ஒரே ஒரு தடவை. பக்கத்துல ரெண்டு பேர் தூங்கிட்டு இருந்தாங்க, எப்படி எழுப்புறது?" என்றார். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும் என்று தண்ணீரும் குடிக்கவில்லை. நீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்று காலையில் போடுவார், அதையும் அதே காரணத்துக்காக விட்டிருந்தார். 68 வயது, 20 வருஷ சுகர்.

அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் யோசித்தபோது, நம் வீட்டுப் பெரியவர்கள் விமானத்தில் செய்யும் தவறுகளில் பாதி, யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்ற நினைப்பிலிருந்து வருபவை என்று புரிந்தது. மீதிப் பாதி, டிக்கெட் போடும் பிள்ளைகளான நாம் செய்பவை.

ஜன்னலோர சீட் போட்டுக் கொடுத்தது நான்தான். வெளியே பார்த்துக்கொண்டு வருவார் என்று ஆசைப்பட்டேன். சுகரோ இதய நோயோ உள்ளவருக்கு நடைபாதையை ஒட்டிய சீட்தான் சரி. யாரையும் எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கு வருவதுதான். உடல் எடை அதிகம், சமீபத்தில் ஆபரேஷன், முன்பே ரத்தம் உறைந்த அனுபவம் என்று ஏதாவது இருந்தால் ஆபத்து கூடும். தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் ஒரே வாக்கில் கிடப்பது இதனால்தான் கூடாது.

விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். உதடும் தொண்டையும் காய்ந்துவிடும். அதற்காக எல்லோரிடமும் "நிறைய தண்ணீர் குடி" என்று சொல்லிவிடவும் முடியாது. இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளவு வைத்திருப்பார். அவர்கள் அந்த அளவையே சிறிது சிறிதாகப் பிரித்துக் குடிக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கப் பயணத்தில் மாட்டும் இறுக்கமான சாக்ஸும் அப்படித்தான். காலில் ரத்த ஓட்டம் குறைந்த சுகர் நோயாளிக்கு அது கெடுதல் செய்யலாம், கேட்காமல் வாங்கி மாட்டிவிடாதீர்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு விமானக் கழிவறைக்குப் போகவும் கூடாது. ஏதாவது குத்தினால்கூடத் தெரியாது. கால் வீங்கினாலும் மாட்ட முடிகிற, பட்டை வைத்த செருப்பு நல்லது.

இன்சுலினை செக்-இன் பெட்டியில் போடுவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. பெட்டி வேறு ஊருக்குப் போய்விட்டால் இன்சுலினும் போய்விடும். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்தும் போகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், ஆனால் நம்பிப் போட முடியாது. வீட்டிலிருந்து கிளம்பும்போது இன்சுலின் பேனாவை ஐஸ் பேக்கோடு ஒட்டி வைத்துச் சுற்றினாலும் இதே கதிதான், நடுவில் ஒரு துண்டாவது இருக்க வேண்டும். உபயோகத்தில் இருக்கும் பேனா 30 டிகிரிக்குள் சுமார் நான்கு வாரம் வெளியிலேயே தாங்கும், சில வகைகளுக்கு மட்டும் கணக்கு மாறும். ஆகவே பயணத்தில் பணிப்பெண்ணிடம் கொடுத்து ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கைப்பையில் வைத்தால் போதும். 100 மில்லி திரவக் கட்டுப்பாட்டிலிருந்து மருந்துக்கு விலக்கு உண்டு. பாதுகாப்புச் சோதனையில் முதலிலேயே எடுத்துக் காட்டி, டாக்டர் கடிதத்தையும் நீட்ட வேண்டும்.

சாப்பாட்டு வண்டி நகரும் சத்தம் கேட்டதும் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் சாப்பாட்டுக்கு முன்னால் போடும் பழக்கம். விமானம் குலுங்க ஆரம்பித்தால் வண்டி அப்படியே நின்றுவிடும், தட்டு வர முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் லோ சுகர். தட்டு கைக்கு வந்த பிறகுதான் ஊசி. சட்டைப் பையிலோ மடியிலோ நாலு குளுக்கோஸ் பிஸ்கட் இருக்கட்டும். தலைக்கு மேலுள்ள அலமாரியில் வைத்தால் தேவைப்படும் நேரத்தில் எட்டாது.

விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல இருக்காது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் உட்கார்ந்திருப்பது போலத்தான். ஊட்டி ஏறக்குறைய 7,350 அடி. அங்கே நடந்தால் மூச்சு வாங்கும் ஒருவருக்கு விமானமும் சோதனைதான். சிஓபிடி எனும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய், இதய பலவீனம், கடுமையான ரத்த சோகை உள்ளவர்கள் "விமானத்தில் போகலாமா?" என்றே டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும். வழக்கமான செக்கப்பில் "எல்லாம் நார்மல்" என்று அவர் சொன்னது இந்தக் கேள்விக்கான பதில் ஆகாது. சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே கொண்டுபோகப் பொதுவாக விட மாட்டார்கள். அதற்கான கருவிக்கும் படிவத்துக்கும் சில நாட்கள் முன்பே விமான நிறுவனத்தோடு பேச வேண்டும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுகரால் விழித்திரை பாதித்து, ஆபரேஷனில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால், அது கரையும்வரை விமானம் ஏறவே கூடாது. மேலே போகப் போக அந்த வாயு விரிந்து கண்ணின் அழுத்தத்தை ஏற்றும், பார்வையே போகலாம். எந்த வாயு என்பதைப் பொறுத்து இரண்டு வாரமும் ஆகும், எட்டு வாரமும் ஆகும். டிக்கெட்டை மாற்றச் செலவாகிறதே என்று பார்க்காதீர்கள். கொடைக்கானல் போவதும் அதுவரை வேண்டாம்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. சுங்கத்தில் யாராவது கேட்டால் அது என்ன மாத்திரை என்று சொல்ல முடியாது. அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் இருக்கட்டும். நம் ஊர் பிராண்டு பெயர் அங்கே யாருக்கும் தெரியாது என்பதால் மருந்தின் உட்பெயரையும் (ஜெனரிக் பெயர்) எழுதி வையுங்கள். பாராசிட்டமாலையே அமெரிக்காவில் அசிட்டமினோஃபென் என்றுதான் சொல்கிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிராமடால் என்ற வலி மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, சுகர் நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் எல்லாம் ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாட்டில் உள்ளவை. முன் அனுமதி வாங்காமல் பெட்டியில் போட்டுவிடக் கூடாது.

வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். "எனக்கென்ன, நல்லாத்தானே நடக்கிறேன்" என்பார்கள். பெரிய விமான நிலையத்தில் ஒரு கேட்டிலிருந்து இன்னொரு கேட்டுக்கு அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும், அதுவும் தூக்கமில்லாமல்.

கடைசியாக, திரும்பி வரும் பயணம். போகும்போது எல்லாவற்றையும் கவனமாகச் செய்துவிட்டு இதில் கோட்டை விடுகிறோம். மேற்கே போகும்போது நாள் நீளும், கிழக்கே திரும்பும்போது சுருங்கும். நியூயார்க் நேரம் சென்னைக்கு ஒன்பதரை அல்லது பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. திரும்பி வந்து இறங்கியதும் நம் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ராத்திரி ஊசியைப் போட்டால், முன்பு போட்டதன் வேலை முடிவதற்குள் அடுத்தது சேர்ந்துவிடும். எந்த ஊசி, எந்த ஊர் நேரத்துக்கு, எவ்வளவு என்று டாக்டரிடம் இரண்டு பயணத்துக்கும் சேர்த்தே எழுதி வாங்குங்கள். எங்கள் அம்மாவின் தாளில் இந்திய நேரமும் அமெரிக்க நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கிற மாதிரி.