முதலீட்டுக் கணக்கில் இரட்டைப் பதிவுகள்: நீக்கும்போது செய்யக் கூடாத தவறுகள்

மியூச்சுவல் ஃபண்ட், பங்கு எல்லாவற்றையும் ஒரே மென்பொருளில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதாவது வந்தே தீரும். மொத்த மதிப்பு திடீரென்று கூடித் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரே ஃபண்ட் இரண்டு பெயரில் இருக்கும், அல்லது ஒரே மாதத்து எஸ்ஐபி (மாதத் தவணை முதலீடு) இரண்டு வரியாக நிற்கும். உடனே கை டெலீட் பட்டனுக்குப் போகும். தப்பான வரியை அழித்தால் வாங்கிய தேதியும் அடக்க விலையும் சேர்ந்தே போய்விடும். விற்கும் ஆண்டில் வருமான வரிக் கணக்குப் போட அந்த இரண்டும்தான் வேண்டும்.

அதனால் எதையும் தொடுவதற்கு முன் பேக்கப் எடுத்து வையுங்கள். மொபைலிலும் கணினியிலும் ஒரே கணக்கு ஓடினால் சிங்க்கை நிறுத்துங்கள். இல்லையென்றால் இங்கே அழித்தது அங்கிருந்து திரும்பி வரும்.

வருமானச் சதவீதத்தை நம்புவது

“எக்ஸ்ஐஆர்ஆர் (ஆண்டு வருமானச் சதவீதம்) சரியாகத்தானே காட்டுகிறது, அப்படியானால் பதிவும் சரி” என்று நினைப்பது பரவலான தவறு. ஒரு ஃபண்டின் எல்லா வாங்கல்களும் இரண்டு முறை ஏறியிருந்தால் போட்ட பணமும் இரட்டிப்பு, இன்றைய மதிப்பும் இரட்டிப்பு. சதவீதம் துளியும் மாறாது. இரட்டைப் பதிவைக் கண்டுபிடிக்க எக்ஸ்ஐஆர்ஆர் உதவவே உதவாது.

யூனிட் இருப்பு மட்டும்தான் ஏமாற்றாது. ஃபண்டுகளின் முதலீட்டாளர் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் சிஏஎஸ் எனப்படும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை, சுருக்கமாக அல்லாமல் விரிவான வடிவில், முதல் முதலீட்டு நாளிலிருந்து கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு ஃபோலியோவின் (ஃபண்ட் நிறுவனத்தில் உங்கள் கணக்கு) முடிவிலும் இறுதி யூனிட் இருப்பு மூன்று தசம இடம் வரை இருக்கும். அதே தேதிக்கு மென்பொருள் காட்டும் யூனிட்டோடு ஒப்பிடுங்கள். ரூபாயை ஒப்பிட வேண்டாம். என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் அன்றைய விலை, புதுப்பிக்கப்பட்ட நேரம் மாறினாலே ரூபாய் மாறும்.

யூனிட் வித்தியாசமே காரணத்தைச் சொல்லிவிடும். சரியாக இரண்டு மடங்கு என்றால் இரண்டு மூலங்களிலிருந்து முழு வரலாறும் வந்திருக்கிறது. ஒரு தவணை அளவே கூடுதல் என்றால் ஒரு மாதத்துக்கான இம்போர்ட் (கோப்பிலிருந்து ஏற்றுவது) இரண்டு முறை விழுந்திருக்கிறது. குறிப்பிட்ட தேதி வரையான இருப்பு மட்டும் கூடுதல் என்றால், தொடக்கத்தில் ‘ஓப்பனிங் பேலன்ஸ்’ என்று கையால் போட்டதை மறந்துவிட்டுப் பிறகு பழைய வரலாற்றையும் ஏற்றியிருக்கிறீர்கள்.

கையால் போட்டதையும் இம்போர்ட்டையும் மென்பொருளே சேர்த்துவிடும் என்று விடுவது

பல மென்பொருள்கள் தேதியும் தொகையும் ஒத்துப்போனால்தான் இரண்டு பதிவுகளை ஒன்று என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊர் மியூச்சுவல் ஃபண்டில் இந்த இரண்டுமே ஒத்துப்போகாது.

5,000 ரூபாய் எஸ்ஐபியை எடுத்துக்கொள்வோம். 10-ஆம் தேதி வங்கிக் கணக்கிலிருந்து 5,000 ரூபாய் போகிறது. நீங்கள் அன்றே, என்ஏவி 125 ரூபாய் என்று பார்த்து, 40.000 யூனிட் என்று எழுதுகிறீர்கள். 2020 ஜூலை 1 முதல் வாங்கும் தொகையில் 0.005 சதவீதம் முத்திரைத் தீர்வை உண்டு. 25 பைசா அதற்குப் போக, முதலீடாவது 4,999.75 ரூபாய். 125 ரூபாய் என்ஏவியில் அது 39.998 யூனிட். 2021 பிப்ரவரி முதல் பணம் ஃபண்டின் கணக்குக்கு வந்து சேர்ந்த நாளின் என்ஏவிதான் கிடைக்கும் என்பதால் ஒதுக்கீட்டுத் தேதியும் 11 அல்லது 12 ஆகிவிடலாம். அப்போது என்ஏவியும் வேறு. ஆக, சிஏஎஸ் கொண்டுவரும் வரியில் தேதி, தொகை, யூனிட் மூன்றும் உங்கள் வரியிலிருந்து மாறியிருக்கும். மென்பொருள் அதைப் புதிய வாங்கல் என்றே எடுத்துக்கொள்ளும்.

இங்கே கையால் போட்ட வரியைத்தான் நீக்க வேண்டும், சிஏஎஸ் வரியை அல்ல. உங்கள் வரியில் குறிப்போ, ‘மகள் படிப்பு’ போன்ற இலக்கோ இருந்தால் முதலில் அதை மற்ற வரிக்கு மாற்றிவிட்டு அழியுங்கள்.

சிஏஎஸ்ஸில் முத்திரைத் தீர்வை தனி வரியாகவும் வரும். யூனிட் இல்லாமல் 0.25 ரூபாய் மட்டும் இருக்கும். சில இம்போர்ட்டர்கள் இதையும் ஒரு வாங்கலாக ஏற்றிவிடும். யூனிட் கணக்கை அது கெடுக்காது. கட்டணம் என்று வகை மாற்றினால் போதும்.

இரண்டு விதமான சிஏஎஸ்ஸையும் ஏற்றுவது

ஃபண்ட் இருப்பு இரட்டிப்பாவதற்கு இது ஒரு காரணம். பங்குகளை மின்னணு வடிவில் (டீமேட்) வைத்திருக்கும் டெபாசிட்டரிகளான என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் அனுப்பும் சிஏஎஸ்ஸில் டீமேட் பங்குகளோடு, டீமேட்டில் இல்லாத மியூச்சுவல் ஃபண்ட் ஃபோலியோக்களும் இருக்கும். பங்குகளுக்கு இதையும் ஃபண்டுகளுக்கு கேம்ஸ் அறிக்கையையும் ஏற்றினால் ஃபண்டுகள் இரண்டு முறை வரும். ஃபண்டுக்கு ஒரு மூலம், பங்குக்கு ஒரு மூலம் என்று முடிவு செய்து, டெபாசிட்டரி அறிக்கையை ஏற்றும்போது ஃபோலியோ பகுதியைத் தவிர்த்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏறிவிட்டால் வரிவரியாக அழித்துக்கொண்டிருக்க வேண்டாம். இம்போர்ட்டைத் தொகுப்பாகத் திரும்பப் பெறும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் அந்த இம்போர்ட்டுக்கு முன் எடுத்த பேக்கப்புக்குத் திரும்புவதே சுத்தமான வழி.

பெயரை வைத்து அடையாளம் காண்பது

ஃபண்டுகளின் பெயர் நிலையானதல்ல. ரிலையன்ஸ் மியூச்சுவல் ஃபண்ட் 2019-இல் நிப்பான் இந்தியா ஆனது. ஐடிஎஃப்சி 2023-இல் பந்தன் ஆனது. 2021 ஏப்ரல் முதல் அவ்வப்போது பணம் தரும் ‘டிவிடெண்ட்’ என்ற விருப்பம் ‘ஐடிசிடபிள்யூ’ என்று பெயர் மாறியது. பழைய பெயரில் இருந்த கணக்கை விட்டுவிட்டு மென்பொருள் புதிய பெயரில் இன்னொன்றைத் திறந்திருக்கும். ஒவ்வொரு முதலீட்டுக்கும் உரிய அடையாளமான, எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 12 இடம் கொண்ட ஐஎஸ்ஐஎன் எண்ணை ஒப்பிடுங்கள். அது ஒன்றாக இருந்து ஃபோலியோவும் ஒன்றாக இருந்தால் இரண்டு கணக்குகளையும் ஒன்றாக்கலாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தும் ஐஎஸ்ஐஎன் வேறு என்றால் சற்றுப் பொறுங்கள். முகவர் இல்லாமல் வாங்கும் டைரக்ட் பிளானும் முகவர் வழி வாங்கும் ரெகுலர் பிளானும், லாபத்தை உள்ளேயே வளரவிடும் குரோத்தும் ஐடிசிடபிள்யூவும் வெவ்வேறு ஐஎஸ்ஐஎன் கொண்ட தனித்தனி முதலீடுகள். ஒன்றில் நிறுத்தி மற்றதில் தொடர்ந்தவர்களிடம் இரண்டுமே உண்மையாக இருக்கும்.

பங்குகளில் இது தலைகீழ். முகமதிப்பு பிரிக்கப்பட்டால் ஐஎஸ்ஐஎன்னே மாறிவிடும். நெஸ்லே இந்தியா 2024 ஜனவரியில் 10 ரூபாய் முகமதிப்பை 1 ரூபாயாகப் பிரித்தபோது ஐஎன்இ239ஏ01016 என்பது ஐஎன்இ239ஏ01024 ஆனது. 10 பங்கு வைத்திருந்தவருக்கு 100 பங்கு ஆகும். ஆனால் மென்பொருளில் பழைய 10-உம் புதிய 100-உம் சேர்ந்து 110 என்று நிற்கலாம். அந்தப் பழைய 10-ஐ அழித்துவிடுவதுதான் இங்கே பெரிய தவறு, ஏனென்றால் வாங்கிய தேதியும் விலையும் அதில்தான் இருக்கின்றன. பழைய கணக்கில் 1-க்கு 10 என்று பிரிப்பைப் பதிந்து, ஐஎஸ்ஐஎன்னைத் திருத்தி, தானாக வந்த 100-ஐ நீக்குங்கள். எச்டிஎஃப்சி நிறுவனம் 2023 ஜூலையில் எச்டிஎஃப்சி வங்கியோடு இணைந்து 25 பங்குக்கு 42 பங்கு கிடைத்ததற்கும் இதே முறைதான்: இணைப்பு என்று பதிய வேண்டும், விற்று வாங்கியதாக அல்ல.

என்எஸ்இ-யில் வாங்கி பிஎஸ்இ-யில் விற்பவர்களுக்கு ஒரே பங்கு இரண்டு குறியீடுகளில் தெரியும். டிசிஎஸ் என்றும் 532540 என்றும் இருப்பவை ஒன்றே. ஒன்றின் கீழ் கொண்டுவந்துவிட்டால், விற்ற குறியீட்டில் இருப்பு மைனஸில் நிற்பது சரியாகிவிடும்.

எக்செல்லில் ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ அழுத்துவது

ஒரே ஃபண்டில் ஒரே தேதிக்கு இரண்டு எஸ்ஐபி வைத்திருப்பவர்கள் உண்டு. இரண்டும் 5,000 ரூபாய் என்றால் தேதி, தொகை, என்ஏவி, யூனிட் எல்லாம் அச்சாக ஒன்றாக இருக்கும். எக்செல் அதில் ஒன்றைத் தூக்கிவிடும். உண்மையான முதலீடு போய்விடும்.

சிஏஎஸ்ஸின் கடைசிப் பத்தியான (நெடுவரிசை) யூனிட் இருப்பைப் பார்த்தால் தெளிவாகிவிடும். முதல் வரியில் 439.978, அடுத்த வரியில் 479.976 என்று ஏறினால் இரண்டும் உண்மை. இரண்டிலும் 439.978 என்றே நின்றால் ஒன்று நகல். ஆகவே அந்தப் பத்தியையும் சேர்த்து ஒப்பிடுங்கள், அழிக்காமல் முதலில் வண்ணம் மட்டும் பூசி வையுங்கள்.

வங்கி பணத்தைத் திருப்பிய மாதங்களில் வாங்கல் ஒரு வரி, அதை ரத்து செய்யும் மைனஸ் யூனிட் இன்னொரு வரி என்று வரும். இந்த ஜோடியில் ஒன்றை மட்டும் அழித்தால் கணக்கு உடையும்.

டீமேட் எண்ணையும் கவனியுங்கள். சிடிஎஸ்எல் கணக்கு எண் 16 இலக்கம். எக்செல் 15 இலக்கம் வரைதான் எண்ணைத் துல்லியமாக வைத்துக்கொள்ளும், 16-ஆவதைப் பூஜ்யமாக்கிவிடும். அந்தக் கோப்பை இம்போர்ட் செய்தால் புதிதாக ஒரு டீமேட் கணக்கு முளைக்கும். பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிய பிறகே எண்ணை ஒட்டுங்கள். தேதியும் அப்படியே: 05-04-2024 என்பது ஏப்ரல் 5-ஆ மே 4-ஆ என்று இம்போர்ட் திரையில் சரிபார்க்காவிட்டால், 12-க்குள் வரும் தேதிகள் எல்லாம் இடம் மாறி புதுப் பதிவுகளாக உட்காரும்.

யூனிட்டைச் சரிக்கட்ட ஒரு ‘விற்பனை’ போடுவது

இதை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். 40 யூனிட் கூடுதலாக இருக்கிறது என்று 40 யூனிட் விற்றதாகப் போட்டால் இருப்பு சரியாகத் தெரியும். ஆனால் நடக்காத விற்பனைக்கு லாபம் கணக்காகும். முதலில் வாங்கியது முதலில் விற்கப்படும் என்ற முறையில் அது உங்கள் உண்மையான பழைய யூனிட்களைத் தின்றுவிடும்.

நகலை அப்படியே விட்டாலும் இதே ஆபத்துதான். 2023 ஜனவரியில் 50 ரூபாய்க்கு 100 யூனிட், 2024 ஆகஸ்டில் 80 ரூபாய்க்கு 100 யூனிட் வாங்கி, 2025 ஜனவரியில் 90 ரூபாய்க்கு 150 விற்றதாக வைப்போம். பங்கு சார்ந்த ஃபண்ட் என்றால் உண்மையில் 4,000 ரூபாய் நீண்டகால லாபம், 500 ரூபாய் குறுகியகால லாபம். முதல் வாங்கல் இரண்டு முறை பதிவாகியிருந்தால் 150-உம் பழைய யூனிட் என்றாகி 6,000 ரூபாய் நீண்டகால லாபம் என்று காட்டும். வரி விகிதம் நீண்டகாலத்துக்கு 12.5 சதவீதம், குறுகியகாலத்துக்கு 20 சதவீதம் என்பதால் வருமான வரி ரிட்டர்னில் போகும் எண்ணே தப்பாகிவிடும்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்த்து அழிப்பது

பற்று, வரவு என்று இரு பக்கமும் எழுதும் (டபுள் என்ட்ரி) க்னுகேஷ் போன்ற கணக்கு மென்பொருளில் ஒரு பரிவர்த்தனைக்கு ஃபண்ட், வங்கி என்று இரு பக்கம் உண்டு. ஃபண்ட் பக்கம் அழித்தால் வங்கி வரியும் சேர்ந்து போய்விடும். வங்கி ஸ்டேட்மென்ட்டை இம்போர்ட் செய்யும்போது எஸ்ஐபி வரியை ‘புதிதாகச் சேர்’ என்று விடாமல், ஃபண்ட் பக்கத்திலிருந்து ஏற்கெனவே வந்த பரிவர்த்தனையோடு பொருத்துங்கள். தப்பாகச் சேர்ந்தவற்றைக் கண்டுபிடிக்க மறுபக்கம் தெரியாத தொகைகளை மென்பொருள் போட்டுவைக்கும் இம்பேலன்ஸ் கணக்கைத் திறந்து பாருங்கள். பொருத்தப்படாத எஸ்ஐபி தொகைகள் பெரும்பாலும் அங்கேதான் குவிந்திருக்கும். வங்கி இருப்பு ஸ்டேட்மென்ட்டோடு பொருந்துகிறதா என்று அழிப்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

கணவன், மனைவி இருவரும் ஒரே மின்னஞ்சலை ஃபோலியோக்களில் கொடுத்திருந்தால் கேம்ஸ் அறிக்கையில் இருவருடையதும் சேர்ந்து வரும். இருவரின் பெயரிலும் தனித்தனியாக அதை ஏற்றினால் குடும்ப மொத்தம் இரட்டிப்பாகும். அறிக்கை கேட்கும் இடத்தில் பான் எண்ணையும் கொடுத்து ஒருவருடையதை மட்டும் எடுத்து, ஏற்றும் முன் ஒவ்வொரு ஃபோலியோவிலும் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள்.